பழைய பதிலை நம்பாதே தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் மூன்று பக்கம் பயம். அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது, அதற்கு எப்படியோ வீடே பழகிவிட்டது, இப்போது ரத்தப் பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் சி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. "கிட்னி போனவங்களுக்கு இதுக்கு மருந்தே ஆகாது" என்று தெரு முனையில் யாரோ சொன்னார், நீ அன்றிலிருந்து தறியில் இறங்கவில்லை. இதுதானே சங்கதி?

அவர் பொய் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய உண்மையைச் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு அது உண்மையில்லை. டயாலிசிஸில் இருப்பவருக்கும் இந்த நோய் மாத்திரையாலேயே குணமாகிறது, பெரும்பாலும் 12 வாரத்தில். இந்த வரியை முதலில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. மீதியை அப்புறம் படிக்கலாம்.

"அப்படியானால் அவர் ஏன் அப்படிச் சொன்னார்?" என்று கேட்பாய். நியாயமான கேள்வி. முன்பு இந்த நோய்க்கு இருந்தது இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும். மாதக்கணக்கில் ஊசி, ஒவ்வொரு ஊசிக்கும் காய்ச்சல், உடம்பு வலி, மனச்சோர்வு. ரிபாவிரினை உடம்பிலிருந்து வெளியேற்றுவது சிறுநீரகம். அது வேலை செய்யாதவருக்கு மருந்து உள்ளேயே தேங்கி ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். டயாலிசிஸ் நோயாளிக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு. இத்தனை பட்டும் பாதிப் பேருக்குக்கூட நோய் முழுதாகப் போவதில்லை. அதனால் பல டாக்டர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது செய்யும் வேலை உனக்குச் சட்டென்று புரியும். இந்த நோயைத் தரும் வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது எழுத்துக்குப் பின் எழுத்தாகக் கோத்துக்கொண்டே போகும். இந்த மருந்து அந்த எழுத்துகளில் ஒன்றைப் போலவே வேடமிட்டு நடுவில் போய் உட்காரும். அடுத்தது வந்து பிணைய அது இடம் விடாது. பாவு பிணைக்கும்போது அடுத்ததைப் பிணைய விடாத இழை கையில் வந்தால் உன்னால் மேலே போக முடியுமா? வைரஸும் அங்கேயே நின்றுவிடும்.

விலையைக் கேட்டால் மயக்கம் வரும். அமெரிக்காவில் 12 வார மருந்துக்கு 84,000 டாலர், ஒரு மாத்திரை 1,000 டாலர். 2014இல் அதைத் தயாரித்த கம்பெனி இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தது. 2015இல் நம் ஊர் மருந்துக் கடைக்கே அது வந்து, விலை அடியோடு இறங்கியது. ஆனால் அப்போதும் டயாலிசிஸ்காரர்கள் வாசலில்தான் நின்றார்கள். சோஃபோஸ்புவிர் உடைந்து உண்டாகும் பொருளும் சிறுநீரகம் வழியாகத்தான் போகவேண்டும் என்பதால், சிறுநீரகம் மிகவும் பழுதானவருக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது என்று மருந்துக் குறிப்பிலேயே எழுதியிருந்தது.

2015இலும் 2017இலும், சிறுநீரகத்தை அதிகம் நம்பாத வேறு மாத்திரைகளை வைத்து நடந்த ஆய்வுகளில் நூற்றுக்கு 98, 99 பேர் குணமானார்கள். அந்த மாத்திரைகள் நம் ஊரில் எளிதாகக் கிடைக்கிற சரக்கு இல்லை. பிறகு சோஃபோஸ்புவிரையும் வெல்பாட்டாஸ்விரையும் சேர்த்து டயாலிசிஸில் இருந்த 59 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 56 பேருக்கு வைரஸ் போனது. 2019 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்தப் பழைய தடையை எடுத்துவிட்டது. டயாலிசிஸில் இருப்பவருக்கும் முழு அளவு மருந்தே கொடுக்கலாம், குறைக்கத் தேவையில்லை. உன் தெரு முனைக்காரருக்கு இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இனி நீ செய்யக்கூடிய தப்புகளுக்கு வருகிறேன். உன்னைச் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கையில் இருக்கும் ரிப்போர்ட்டை நன்றாகப் பார். அது ஆன்டிபாடி பரிசோதனை. என்றைக்கோ வைரஸ் உள்ளே வந்ததற்கான தடயத்தை அது காட்டும், இன்றைக்கு இருக்கிறதா என்று சொல்லாது. சிலருக்கு வைரஸ் தானாகவே போயிருக்கும், தடயம் மட்டும் மிஞ்சும். இருக்கிறதா என்று சொல்வது வைரல் லோடு எனப்படும் பிசிஆர் பரிசோதனை. அதை எடுக்காமல் இத்தனை நாள் அழுதாயா? இன்னொன்று, டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு வைரஸ் இருந்தும் ஆன்டிபாடி நெகடிவ் என்று வருவதுண்டு. அதனால் அப்பாவோடு டயாலிசிஸ் செய்துகொள்ளும் மற்றவர்களும் "எனக்கு நெகடிவ்" என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

அடுத்து நீ, "லிவர் டெஸ்ட் நார்மல்னு வந்திருக்கே அக்கா, அவசரம் என்ன?" என்பாய். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அந்த டெஸ்டில் பார்க்கும் என்சைம் அளவு இயல்பாகவே தாழ்ந்து நிற்கும். உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருந்தாலும் ரிப்போர்ட் அழகாக இருக்கும். கண் மஞ்சளாகவில்லையே என்பதும் கணக்கில்லை, இந்த நோய் பல வருடம் ஓசைப்படாமல் இருக்கக்கூடியது. ஈரல் எந்த நிலையில் இருக்கிறது என்று ஸ்கேனும் ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையும் பார்த்து டாக்டர் சொல்வார். ஈரல் சுருங்கத் தொடங்கியிருந்தால் மருந்தும் காலமும் மாறலாம்.

அம்மா கீழாநெல்லி அரைத்து வைத்திருப்பார், தெரியும். அந்தச் செடியை நான் இளப்பமாகப் பேசவில்லை. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கோடு சேர்ந்து அதைப் பற்றி லான்செட் இதழில் எழுதி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். ஆனால் அது ஹெபடைட்டிஸ் பி பற்றியது, சி இல்லை. பிற்பாடு வந்த ஆய்வுகளில் அதில் சொன்ன பலனும் உறுதிப்படவில்லை. அதைவிட முக்கியம், பச்சிலைச் சாற்றில் பொட்டாசியம் இருக்கிறது. அது ஏறினால் இதயம் நின்றுபோகும் என்று டயாலிசிஸ் நர்ஸ் எத்தனை தடவை சொல்லியிருப்பார்? இளநீருக்கு இருக்கும் அதே தடைதான் இதற்கும். அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

அப்பாவுக்குத் தட்டும் தம்ளரும் தனியாக வைத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். படித்தபோது கோபம் வந்தது. உடனே எடுத்து எல்லாவற்றோடும் சேர்த்து வை. இது ரத்தத்தின் வழியாகப் பரவும் நோய். ஒரே தட்டில் சாப்பிட்டாலும், பேரப்பிள்ளை மடியில் ஏறி முத்தம் கொடுத்தாலும் ஒட்டாது. ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து கோர்வை போட்டாலும் ஒன்றும் ஆகாது. பிரிக்க வேண்டியது ஷேவிங் பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, சர்க்கரை பார்க்கக் குத்தும் ஊசி. கோயிலில் முடி காணிக்கை கொடுத்தால் புது பிளேடுதானா என்று பார். நீயும் அம்மாவும் ஒரு தடவை பரிசோதித்துக்கொள்ளுங்கள், போதும்.

"டயாலிசிஸ் சென்டரில்தான் வந்திருக்கும், அவங்களைச் சும்மா விடமாட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். அங்கே வந்திருக்கலாம், முன்பு ரத்தம் ஏற்றியபோதும் வந்திருக்கலாம். சண்டையால் யாருக்கு லாபம்? கேட்க வேண்டிய கேள்வியைக் கேள். ஒரு நோயாளிக்குப் புதிதாக வந்திருக்கிறதென்றால் அங்கே வரும் எல்லோரையும் பரிசோதித்தார்களா? ஒருவரிடமிருந்து அடுத்தவரிடம் போகும்போது கையுறை மாற்றுகிறார்களா, கை கழுவுகிறார்களா? ஹெபரின் மருந்தை நோயாளிகளின் படுக்கைகளிலிருந்து தள்ளி, சுத்தமான இடத்தில் வைத்து எடுக்கிறார்களா? சி வைரஸுக்குத் தனி மெஷின் வேண்டாம் என்றுதான் கேடிகோ என்னும் உலகச் சிறுநீரக வழிகாட்டுக் குழு சொல்கிறது. நம் ஊரில் பல இடங்களில் தனியாக வைக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். ஆனால் தனி மெஷின் இருக்கிறது என்ற தைரியத்தில் கையுறையை மறந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை.

வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகும்போது, அங்கே டயாலிசிஸ் செய்ய இந்த ரிப்போர்ட்டை மறைத்துவிடலாம் என்று ஒரு யோசனை உனக்கு வரும். வரக்கூடாது. அந்தக் கட்டிலில் அடுத்துப் படுப்பவருக்கும் உன்னைப் போல ஒரு பிள்ளை இருப்பான்.

காசைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? 2018 ஜூலை 28இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஹெபடைட்டிஸ் சி பரிசோதனையும் மருந்தும் இலவசம். டயாலிசிஸுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துப் போவது போலவே, இதற்கும் நேரே அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போ. அங்கே மருந்து தரும் மையம் எது என்று கேள். கடன் வாங்கி எங்கேயும் கட்டாதே. சேலைக்கு முன்பணம் கேட்டு முதலாளியிடம் நிற்கவும் வேண்டாம்.

"ஆவணி முகூர்த்த ஆர்டர் முடியட்டும், ஆடியில் ஆரம்பிக்க வேண்டாம், கருட சேவை ஆகட்டும்" என்று தள்ளிப்போடுவாய். வரதராஜப் பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார், நீ ஆரம்பி. டாக்டரிடம் போகும்போது அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரையையும் பையோடு கொண்டுபோ. இதயத் துடிப்புக்கான அமியோடரோன், டிபிக்கான ரிஃபாம்பிசின், வலிப்பு மாத்திரைகள், நெஞ்செரிச்சல் மாத்திரை எல்லாம் இந்த மருந்துகளோடு மோதக்கூடியவை. ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள், ஏனென்றால் சி அடங்கும்போது பி தலைதூக்கலாம். டயாலிசிஸ் உள்ள நாளில் மாத்திரையை எப்போது போடுவது என்று கேட்டுக்கொள். பெரும்பாலும் டயாலிசிஸ் முடிந்த பிறகு போடச் சொல்வார்கள். ஒரு மாதத்தில் வைரஸ் இல்லை என்று வந்ததும் "சரியாப் போச்சு" என்று நிறுத்தினால், நேரில் வந்து திட்டுவேன்.

மருந்து முடிந்து 12 வாரம் கழித்து எடுக்கும் வைரல் லோடுதான் தீர்ப்பு. அதில் இல்லை என்றால் குணம். அதற்குப் பிறகும் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றே காட்டும், மறுபடி அழ ஆரம்பிக்காதே. இங்கே இன்னொரு தப்பு நடக்கிறது, அதை நீ தடுக்க வேண்டும். ஆன்டிபாடியைப் பார்த்துவிட்டு, குணமானவரைத் தொடர்ந்து பாசிட்டிவ்காரர்களின் மெஷினிலேயே வைத்திருப்பார்கள். அந்த ஆன்டிபாடி காவல் இல்லை, நோய் மறுபடியும் வரலாம். பிசிஆர் ரிப்போர்ட்டைக் காட்டி இடம் மாற்றச் சொல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிசிஆர் எடுக்கச் சொல். ஈரல் சுருங்கியிருந்தவர் என்றால் குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் வேண்டும், புற்றுநோய் வருகிறதா என்று கண்காணிக்க.

கடைசிக் கேள்வியாக, அம்மா கிட்னி தரத் தயாராக இருக்கிறார், முதலில் ஆபரேஷனா, மாத்திரையா என்று கேட்டிருக்கிறாய். 1971இல் வேலூர் சி.எம்.சி.யில் சிறுநீரக மாற்று அறுவை நடந்த காலத்தில் இந்த வைரஸுக்குப் பெயர்கூட இல்லை. 1989இல்தான் கண்டுபிடித்தார்கள். பிறகும், இன்டர்ஃபெரான் கொடுத்தால் அது மாற்றிய சிறுநீரகத்தையே உடம்பு நிராகரிக்கச் செய்யும் என்று தவித்தார்கள். இப்போது மாற்றிய பிறகும் மாத்திரை கொடுக்க முடியும். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்குப் பட்டியலில் காத்திருப்பவருக்கு அழைப்பு வந்தால், முதலில் ஆபரேஷன், பிறகு மாத்திரை என்றும் டாக்டர்கள் முடிவு செய்யலாம். ஆனால் உங்கள் வீட்டில் தருபவர் தயாராக இருக்கிறார், நாள் குறிப்பதும் உங்கள் கையில். ஆபரேஷனுக்குப் பின் கொடுக்கும் எதிர்ப்பு சக்தி குறைக்கும் மருந்தில் வைரஸ் பெருகும், புதுச் சிறுநீரகத்தையும் அது கெடுக்கலாம். என்னைக் கேட்டால் முதலில் மாத்திரை, பிறகு அம்மாவின் கிட்னி. உன் டாக்டரிடம் இதே கேள்வியைக் கேள்.

அடுத்த டயாலிசிஸ் நாளில் அப்பாவோடு நீயே போ. வைரல் லோடு பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல். ரிப்போர்ட் வந்த அன்றே எனக்கு எழுது, எண்ணைத் தப்பில்லாமல் அப்படியே பார்த்து எழுது.

அன்புடன்,
அக்கா