மழைநாளில் சார்லஸ்டன்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், ஆஷ்லி, கூப்பர் என்னும் இரண்டு ஆறுகளுக்கு இடையே அமைந்த துறைமுக நகரம் சார்லஸ்டன். 1670இல் ஆங்கிலேயர் நிறுவிய இக்குடியிருப்பு, கடல்மட்டத்தை ஒட்டித் தாழ்ந்து கிடப்பது. பெருமழையும் கடல் ஓதமும் ஒருசேர வரும் நாளில் தெருக்களில் நீர் தேங்கிவிடும்.

பயணிகள் பெரிதும் விரும்பிக் காண்பது, 'வானவில் வரிசை' எனப்படும் 13 வண்ண வீடுகளை. மழையில் நனைந்த சுவர்களில் இளஞ்சிவப்பும் மஞ்சளும் நீலமும் மேலும் துலங்கும். மழைக்கு ஒதுங்க இடம் தேடிச் சால்மர்ஸ் தெருவின் உருண்டைக்கல் பாதையில் நடப்போர், வளைவு வாயில் கொண்ட ஒரு கட்டடத்தை அடைவர். இன்று அருங்காட்சியகமாக விளங்கும் அது, ஒருகாலத்தில் ஆப்பிரிக்க வழிவந்த மக்களை ஏலம் விட்ட அடிமைச் சந்தை. பொதுத்தெருவில் அடிமைகளை விற்பதற்கு 1856இல் நகர நிர்வாகம் தடை விதித்தது. அதனால் ஏலம் நின்றுவிடவில்லை, கூரைக்குள் நுழைந்தது.

நகரின் செல்வம் பெரும்பாலும் நெல்லால் விளைந்தது. சதுப்பு நிலத்தைத் திருத்தி, கரையும் மதகும் அமைத்து நெல் விளைவித்தவர்கள் அவ்வடிமைகளே. பழைய கட்டடங்களின் செங்கற்கள் சிலவற்றில் அவற்றைச் செய்தோரின் விரல்தடங்கள் பதிந்துள்ளன. சிறுவர்களின் தடங்களும் அவற்றுள் உண்டு. நகரின் அழகைக் காணச் செல்வோர், அதனை உருவாக்கிய கைகளையும் அறிந்து திரும்பும்போதே பயணம் முழுமை பெறும்.

தெரிந்து தெளிவோம்

நெல் புடைப்பதற்காக அடிமைகள் முடைந்த முறம் போன்ற கூடைகளே, இன்று நகரச் சந்தையில் அவர்தம் வழித்தோன்றல்கள் விற்கும் புற்கூடைகளுக்கு முன்னோடி.