நீருக்குள் படமெடுக்க

குளத்தில் குழந்தை முங்கி எழுவதைப் படமெடுக்க விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. ஒரே ஒரு சுற்றுலாவுக்கு ஃபியூஜிஃபில்மின் நீர்புகா குவிக்ஸ்நாப் என்ற ஒருமுறை பயன்படுத்தும் ஃபிலிம் கேமரா தாராளம்: 27 படங்கள், 10 மீட்டர் ஆழம். பேட்டரியே வேண்டாம். அடிக்கடி எடுப்பவர்களுக்கு 15 மீட்டர் வரை தாங்கும் கோடக் பிக்ஸ்ப்ரோ டபிள்யூபிஇசட்2 நல்ல தேர்வு.

'ஐபி68' என்ற நீர்புகாத் தர முத்திரையை நம்பிச் செல்பேசியைக் கடலில் இறக்கிவிடக் கூடாது. அந்தச் சோதனை நன்னீரில் நடப்பது.

பிக்ஸ்ப்ரோ போன்ற கேமராவில் பேட்டரி மூடியின் ரப்பர் வளையத்தில்தான் முழுக் கவனமும் வேண்டும். ஒட்டியிருக்கும் ஒற்றை முடியோ மணல் துகளோ போதும், தண்ணீர் கசிந்துவிடும். மூடும்முன் மெல்லிய உலர்ந்த துணியால் துடைப்பது அவசியம். கடலில் படமெடுத்தபின் கேமராவை நன்னீரில் சற்று ஊறவைத்து, நிழலில் உலர்த்தியபிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

செல்பேசிக்கு நீர்புகா பிளாஸ்டிக் உறை வாங்கினால், முதலில் உள்ளே டிஷ்யூ காகிதம் வைத்து வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமுக்கிப் பார்க்கலாம்.