கிணற்றுக்குத் திரும்பும் பசளை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை மண்ணூடாக வடிந்து, சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளிலே தேங்கி நிற்கிறது. நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்நீரையே. இந்நீருக்கும் பயிருக்கு இடும் யூரியாவுக்கும் உள்ள தொடர்பை இங்கு நோக்குவோம்.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. இலை தழைப்பதற்கு அது இன்றியமையாதது. மண்ணிலே யூரியா முதலில் அமோனியாவாகவும், பின்னர் பற்றீரியாக்களின் செயலால் நைத்திரேற்றாகவும் மாறுகிறது. களிமண் துணிக்கைகளும் நைத்திரேற்றும் மறையேற்றம் கொண்டவை. ஆதலால் மண் அதனைப் பிடித்து வைத்திருப்பதில்லை. வேர் உறிஞ்சாத மிகுதி நீரோடு கீழே இறங்கிவிடும். இலை கரும்பச்சையாக வரட்டும் என்று இன்னுமொரு பிடி இடுகிறோமே, அந்தப் பிடிதான் இது! வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்கு இறைத்த நீரில் ஒரு பகுதி, பசளையைக் கரைத்துக்கொண்டு மீண்டும் நிலத்தடிக்கே போய்ச் சேருகிறது. பழி முழுவதும் பசளைக்கே உரியதன்று. மலக்குழிகளிலிருந்தும் நைத்திரேற்று கசிகிறது.

உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை, லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. தோட்டச் செய்கை மிகுந்த இடங்களிலுள்ள கிணறுகள் பலவற்றில் இதனிலும் கூடிய அளவு காணப்பட்டுள்ளது. ஆறு மாதம் நிரம்பாத, புட்டிப்பால் அருந்தும் குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். அவர்களின் உடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, ஈமோகுளோபின் ஒட்சிசனைக் காவாதபடி செய்கிறது. உதடும் நகமும் நீலம் பாய்கின்றன. 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மருத்துவர் ஹன்ரர் கொம்லி, இந்நோயைப் பண்ணைக் கிணற்று நீரோடு தொடர்புபடுத்தி எழுதினார்.

தாய்மார் இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகி வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. ஆய்வுகூடத்திற் சோதிப்பித்தே அறியலாம்.

அப்படியானால் பசளையை அடியோடு விட்டுவிடலாமா? 2021இல் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே தடையை நீக்க நேர்ந்தது. ஆகவே அளவைப் பற்றியே பேசவேண்டும். ஒரே தடவையில் அள்ளி இடாமல், பயிரின் வளர்ச்சிக்கேற்பப் பிரித்து இடலாம். பசளையிட்டபின் அளவுக்கு மிஞ்சி இறைக்காதிருக்கலாம். போகங்களுக்கிடையே சணல் விதைத்து, பூக்கும் வேளையில் உழுது மண்ணுக்குள் தாழ்த்தினால், அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் வளியிலிருந்து பிடித்த நைதரசன் மண்ணைச் சேரும். அந்த அளவுக்கு யூரியாவைக் குறைத்துக்கொள்ளலாம்.