உடும்பும் உங்கள் காணியும்



வழக்கு அலுவலாகக் கொழும்புப் புதுக்கடைக்கு வந்துபோகும் உங்களில் சிலர், அந்தப் பக்கம் ஓடும் சென் செபஸ்தியன் கால்வாயில் கபரகொய்யா நீந்துவதைக் கண்டிருப்பீர்கள். இவ்வளவு சனத்தின் நடுவே அது எப்படித் தப்பி வாழ்கிறது? அதன் இறைச்சி நஞ்சு என்று மக்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையே அதற்குக் காவல். அதன் இனத்தைச் சேர்ந்த உடும்புக்கு அந்தக் காவல் இல்லை. உடும்பு இறைச்சி சுவையானது, உடம்புக்கு நல்லது என்று சொல்லி, நாயை ஏவிப் பிடிக்கிறோம்.

இடம்பெயர்ந்த நாட்களில் பிள்ளைகளின் பசிக்காக உடும்பு பிடித்தவர்களை நாம் குறை கூறவில்லை. ஆனால் சொந்தக் காணிக்குத் திரும்பியவர்களும், திரும்பக் காத்திருப்பவர்களும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். நாம் திரும்பும் மண்ணில் உடும்பும் இருக்க வேண்டுமா?

உடும்பு செய்யும் வேலை

வண்டு, புழு, நத்தை, நண்டு, எலிக்குஞ்சு, செத்த பிராணி ஆகியவை உடும்பின் உணவு. கூலி கேட்காமல் வயலைத் துப்புரவாக்கும் வேலையாள் அது. கோழி முட்டையையும் குஞ்சையும் எடுப்பது உண்மைதான். ஆனால் அது பகலில் இரை தேடும் பிராணி. அதனால் காவல் செய்வது எளிது. மண்ணைத் தோண்டியோ கறையான் புற்றிலோ முட்டையிடும். புற்றை இடித்துப் பற்றையை எரித்தால் அடுத்த தலைமுறையும் அழியும்.

1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இலங்கையில் உடும்பைக் கொல்வது குற்றம். அழியும் உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையும் உடும்பை முதலாம் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பற்றைக்கும் ஓர் அதிகாரி காவல் நிற்க முடியாது.

ஒரு வேட்டைக்காரர் செய்தது

நம்மைப் போன்ற ஒரு தீவு ஜமெய்க்கா. அங்கே இகுவானா என்ற பெரும் பல்லி வாழ்கிறது. பார்வைக்கு உடும்பு போன்றது; ஆனால் இலை தழை தின்பது. 1872இல் கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்க அங்கே கீரிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். கீரிகள் இகுவானாக் குஞ்சுகளையும் தின்றன. அந்த இனம் அற்றுப்போயிற்று என்றே பலரும் எண்ணினர். 1990இல் ஹெல்சயர் குன்றுகளில் பன்றி வேட்டைக்குப் போன ஒருவரின் நாய் ஓர் இகுவானாவைப் பிடித்தது. அவர் அதைச் சமைக்கவில்லை. உயிரோடு கிங்ஸ்ரனிலுள்ள மிருகக்காட்சிச்சாலைக்குக் கொண்டுபோனார். அன்றிலிருந்து குஞ்சுகளைப் பாதுகாப்பான இடத்தில் வளர்த்து, கீரியால் கொல்ல முடியாத அளவுக்கு வளர்ந்ததும் சொந்தக் காட்டிலேயே விடுகிறார்கள். இவ்வாறு நூற்றுக்கணக்கானவை திரும்பியிருக்கின்றன.

அறிஞர்கள் பின்னர்தான் வந்தார்கள். முதலில் வந்தவர் காட்டை அறிந்த சாதாரண மனிதர். நம் ஊரில் அந்த இடத்தில் நிற்பவர் நீங்களே.

நாம் செய்யக்கூடியவை

1. காணி துப்புரவாக்கும்போது வேலியோரத்தில் ஒரு துண்டுப் பற்றையையும் கறையான் புற்றையும் விட்டுவையுங்கள். கண்ணிவெடி அகற்றப்பட்டது உறுதியான பின்பே காணிக்குள் இறங்குங்கள்.
2. முட்டையை உடனுக்குடன் எடுங்கள். குஞ்சுகளைப் பகலிலும் கம்பிவலைக் கூட்டில் வையுங்கள்.
3. நஞ்சு வைத்துக் கொன்ற எலியை எறியாமல் ஆழமாகப் புதையுங்கள். அதைத் தின்னும் உடும்பும் சாகும்.
4. உடும்பை நாய் மறித்தால் நாயைக் கட்டுங்கள். உடும்பு தன் வழியே போகும்.

குழுவாகச் சிந்திக்க

அ. நம் பெற்றோர் காலத்தில் வளவில் கண்ட எந்தப் பிராணிகளை இன்று காண்பதில்லை? ஏன்?
ஆ. பசி ஒரு பக்கம், சட்டம் மறுபக்கம். உடும்பு பிடித்து விற்கும் அயலவர் குடும்பத்துக்கு வேறு வருமானம் கிடைக்க நம் சங்கம் என்ன செய்யலாம்?
இ. பிறந்த மண்ணை விட்டுத் துரத்தப்படுவதன் வலி நமக்குத் தெரியும். அந்த அனுபவம் மற்ற உயிர்களை நாம் நடத்தும் விதத்தை மாற்றியிருக்கிறதா?

விடாமல் பற்றி நிற்பதை உடும்புப்பிடி என்கிறோம். காணியை விட்டுக்கொடுக்காமல் இத்தனை ஆண்டுகள் நீங்கள் பிடித்ததும் அந்தப் பிடிதான். அதைக் கற்றுத்தந்த பிராணிக்கும் அந்தக் காணியில் ஒரு மூலை இருக்கட்டும்.