கோடையில் குளிர்ந்த வீடு

நம் கிராமங்களில் ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளும் குறைந்து, கான்கிரீட் வீடுகள் பெருகியுள்ளன. மழைக்கும் தீக்கும் இவை பாதுகாப்பானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், பகல் முழுவதும் வெயிலை உட்கொள்ளும் தளம், பொழுது சாய்ந்தபின் அவ்வெப்பத்தை அறைக்குள் விடுகிறது. மின்விசிறியும் அச்சூடான காற்றையே சுழற்றுகிறது. இரவிலும் உடல் ஆறாதிருப்பின், முதியோருக்கும் கைக்குழந்தைகளுக்கும் அஃது உயிருக்கே ஆபத்தாகலாம். 2024-ஆம் ஆண்டில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தமை இதன் கடுமையைக் காட்டும்.

குளிர்சாதனம் வாங்க எல்லோராலும் இயலாது. உட்புகுந்த வெப்பத்தை வெளியேற்றுவதைவிட, அதனைப் புகாமல் தடுப்பதே சிக்கனமாகும். அதற்கான வழிகளைக் காண்போம்.

முதலாவது, தளத்திற்கு வெள்ளையடித்தல். வெண்மை நிறம் வெயிலின் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். மாசி மாதத்தில் தளத்தை நன்கு கழுவி உலர்த்துக. நீற்றிய சுண்ணாம்பை ஓர் இரவு நீரில் ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, உதிராதிருக்கச் சிறிது பசை கலந்து, வெயில் தாழ்ந்தபின் இருமுறை பூசுக. கண்ணில் தெறிக்காதபடி எச்சரிக்கை வேண்டும். மழையில் கரைவதால் ஆண்டுதோறும் பூசுதல் அவசியம். மழைநீர்த் தொட்டி உள்ள வீடுகளில் முதல் மழை நீரைத் தொட்டியில் விடலாகாது.

இரண்டாவது, நிழல். மேற்குச் சுவரையொட்டிப் பந்தலிட்டு அவரை, சுரைக் கொடிகளை ஏற்றினால் நிழலும் காயும் கிடைக்கும். தகரக் கூரையின் மேல் தென்னங்கீற்று வேயலாம். ஆனால் அடுப்படியின்மேல் வேண்டாம்.

மூன்றாவது, காற்றோட்டம். வெளிக்காற்று சுடும் வேளையில் சன்னல்களை மூடிவைத்து, இரவில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவிடுக. நனைத்த வெட்டிவேர்த் தட்டி உலர்ந்த காற்றுள்ள உள்நாட்டு ஊர்களில் நற்பயன் தரும். ஈரக்காற்று மிகுந்த கடலோரத்தில் பயன் குறைவு.

சென்ற கோடையில், ஓர் ஊராட்சியின் அங்கன்வாடித் தளத்தில் பாதிக்கு மட்டும் வெள்ளையடித்துச் செயல்விளக்கம் நடத்தினோம். பிற்பகல் 2 மணிக்கு உறுப்பினர்கள் வெறுங்காலுடன் ஏறினர். பூசாத பாதியில் அடி வைக்க இயலவில்லை. பூசிய பாதியில் நின்று பேசினர். மறுவாரமே மீதிப் பாதிக்கும் தாங்களே முன்வந்து வெள்ளையடித்தனர்.

ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் ஊரின் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் இப்பணியை முதலில் தொடங்குவார்களாக. குழந்தைகள் உறங்கும் அறை குளிர்ந்ததைக் கண்டால், தாய்மார்கள் தத்தம் வீட்டுத் தளத்திற்கும் வெள்ளையடிக்கச் சொல்வர்.