எக்ஸ்எம்எல் கோப்பில் தேட எந்த மொழி?

கோப்பிலிருந்து ஒரு விலையோ தலைப்போ மட்டும் எடுக்க வேண்டுமா? எக்ஸ்பாத் போதும். 1999-இல் வந்த அதன் 1.0 பதிப்பு பிரவுசரிலேயே இருக்கிறது. பல கோப்புகளை இணைத்துப் புதிய அறிக்கை தயாரிக்க வேண்டுமென்றால், 2007-இல் தரப்படுத்தப்பட்ட எக்ஸ்குவெரியைத் தயங்காமல் கற்றுக்கொள்ளுங்கள். அதை இயக்க பேஸ்எக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கோப்பு எக்ஸ்எம்எல் அல்லாமல் ஜேசனாக இருந்தால், தேட ஜேசன்பாத். அதற்குப் பொதுத் தரம் 2024-இல்தான் வந்தது. அதனால் பழைய நிரல்களில் ஒரே வினவலுக்கு வெவ்வேறு விடை வரலாம்.

புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது வேறொன்று: வினவல் சரியாகத்தான் இருக்கும், விடை மட்டும் காலியாக வரும். எக்ஸ்எம்எல் கோப்பின் தொடக்கத்தில் எக்ஸ்எம்எல்என்எஸ் (xmlns=) என்று முன்னொட்டில்லாத நேம்ஸ்பேஸ் (பெயர்வெளி) அறிவிப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால், எக்ஸ்பாத் 1.0-இல் வெறும் பெயரைக் கொடுத்தால் எதுவும் சிக்காது. அந்த நேம்ஸ்பேஸுக்கு ஒரு முன்னொட்டைப் பதிவுசெய்து, பெயரோடு சேர்த்துத் தேடுங்கள்.