மலட்டுக் கொடி அல்ல!
(குடுக்கைச் சுரை வளர்ப்பு)

மீன் வயிற்றிலிருந்து மீண்டு வந்த யூனுஸ் நபி (அலை) அவர்களுக்காக அல்லாஹ் ஒரு கொடியை முளைக்கச் செய்ததை சூரா அஸ்ஸாஃப்பாத் கூறுகிறது. அது சுரைக்கொடி என்பது விரிவுரையாளர் பலரின் விளக்கம். நபி (ஸல்) அவர்கள் சுரைக்காயை விரும்பி உண்டதை அனஸ் (ரழி) அவர்கள் அறிவித்துள்ளார்கள்.

சுரையின் இளங்காய் கறிக்கு உதவும். முற்றிக் காய்ந்தால் அதன் ஓடே குடுக்கை. முன்னோர் அதில் நீரும் விதையும் வைத்தனர். இன்று அழகுப் பொருளாகவும் ஆக்கலாம்.

வாவிக்கரை மணலில் நீர் தங்காது. ஆகவே குழியில் மக்கிய மாட்டெருவும் சருகும் கலக்க வேண்டும். மாரி மழையில் காய்கள் அழுகக்கூடும். மழை ஓய்ந்த தை, மாசியில் விதைத்தால் கோடை வெயில் காய உதவும். விதையை ஓரிரவு ஊறவைத்து ஊன்றி, கொடி படர உறுதியான பந்தல் இட வேண்டும்.

எங்கள் வளவில் முதலில் நட்ட கொடி நிறையப் பூத்தது. பிஞ்சுகளோ கறுத்து உதிர்ந்தன. "புள்ள, இது மலட்டுக் கொடி. புடுங்கிப் போடு" என்றார் மூத்தம்மா. உயிரியல் பாடம் நினைவுக்கு வந்ததால் நான் பிடுங்கவில்லை. சுரையில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும். வெண்ணிறப் பூக்கள் மாலையில் விரிந்து மறுநாள் வாடிவிடும். இரவில் அந்துப் பூச்சிகள் வராவிட்டால் மகரந்தம் சேராது. அன்று மஃரிபுக்கு முன் ஆண் பூவொன்றைப் பறித்து, இதழ்களை நீக்கி, பெண் பூவின் சூல்முடியில் மெதுவாகத் தடவினேன். சில நாட்களில் அந்தப் பிஞ்சு பருத்தது. மூத்தம்மாவே அதற்கு உறி கட்டித் தந்தார்.

பெண் பூக்கள் பெரும்பாலும் பக்கக் கிளைகளிலேயே வரும். எனவே கொடியின் நுனியைக் கிள்ளிவிடுவது நல்லது.

காம்பு காய்ந்த பின்னரே காயைக் காம்போடு வெட்ட வேண்டும். காற்றோட்டமான நிழலில் தொங்கவிட்டால் காய மாதக்கணக்கில் ஆகும். தோலில் பூஞ்சணம் பிடித்தால் துடைக்கலாம். மெத்தென்று அழுகியதை எறிய வேண்டும். குலுக்கும்போது விதை கலகலத்தால் காய்ந்துவிட்டது. அறுக்கும்போதும் சுரண்டும்போதும் முகக்கவசம் அணிய வேண்டும். தூசு மூச்சுக்கு ஆகாது.

ஓர் எச்சரிக்கை: கசக்கும் சுரைக்காயை உண்ணவே கூடாது. அதிலுள்ள குக்கர்பிற்றசின் நச்சு சமைத்தாலும் நீங்காது.

காய்க்காத கொடியை மலடு என்று பிடுங்குமுன், ஒரு மாலையாவது பந்தலடியில் நின்று பார்ப்போம். குறை கொடியில் இல்லாமலும் இருக்கலாம்.